ஒரு சுற்று போதாது

கோல்ஃப் ஆடி முடித்து வருகிறவரிடம் "அடுத்த ஆட்டம் எப்போது?" என்று கேட்டுப் பாருங்கள். அன்று நன்றாக ஆடியவர் "நாளைக்கே வந்தாலும் வருவேன்" என்பார். அன்று சொதப்பியவர் மட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டே "பார்க்கலாம்" என்பார். இருவரும் ஆடியது ஒரே திடல். நடந்த தூரமும் ஒன்றுதான். வேறுபட்டது அட்டையில் எழுதிய எண் மட்டுமே. அந்த ஓர் எண் அடுத்த வாரத்து ஆசையையே மாற்றிவிடுகிறது.

இதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா, மாணவர்களே? மூளையும் கணிதமும் சேர்ந்து நம்மை ஏமாற்றும் இடம் இது. நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஆட்டம் தரும் உற்சாகமும் சோர்வும் பெரும்பாலும் அந்த நாளைப் பற்றியவை. நம் திறமையைப் பற்றி அவை சொல்வது மிகக் கொஞ்சம். ஆகவே அதை வைத்துக்கொண்டு "இனி ஆடலாமா, வேண்டாமா" என்று முடிவு செய்யக் கூடாது. நீங்களும் செய்யக் கூடாது. உங்களைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர்களும் செய்யக் கூடாது.

நமக்கும் இந்தப் பந்துக்கும்

"கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு. அதற்கும் நமக்கும் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பந்தின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால், அது நம் பக்கத்துக் காட்டில் வந்து நிற்கிறது.

பழைய காலத்தில் ஸ்காட்லாந்தில் தோல் உறைக்குள் இறகுகளை அடைத்துப் பந்து செய்தார்கள். அது விலை அதிகம்; நனைந்தால் கெட்டுவிடும். 1848 வாக்கில் புதிய பந்து வந்தது. மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலில் இருந்து எடுக்கும் கட்டாபெர்ச்சாவால் செய்தது அது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கல்லாக இறுகும். பந்து மலிவானது, ஆட்டம் பரவியது. 1898இல் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றி அதற்குமேல் உறை போட்டுப் புதிய பந்தை உருவாக்கினார். அது இன்னும் தூரம் பறந்தது. இன்று பந்தின் நடுவில் இருப்பது செயற்கை ரப்பர்.

ரப்பர் என்றால் பேராக்கைச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகள் இந்நாட்டின் முதல் ரப்பர் மரங்களில் சேரும். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அதன்பின் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, தாப்பா என்று தோட்டங்கள் விரிந்தன. பால்மரம் வெட்ட நம் பாட்டன் பாட்டிமார் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தார்கள். மாலையில் துரைமார்கள் கிளப்புக்குப் போய்க் கோல்ஃப் ஆடினார்கள். புல் வெட்டவும் பை சுமக்கவும்தான் நம்மவர்களுக்கு அந்தத் திடலுக்குள் இடம் இருந்தது.

இப்போது அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகிவிட்டன. பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பத்து காஜா பக்கத்தில் பழைய ஈயச் சுரங்க நிலமே கோல்ஃப் திடலாகியிருக்கிறது. ஈப்போவில் ராயல் பேராக் கோல்ஃப் கிளப்பும் மேரு வேலியும் இருக்கின்றன. எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் ஏறிவிட்டன. ஆக, வேலிக்கு உள்ளே போக முடியாத விளையாட்டு என்று இனி சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போன பிள்ளைக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மூளை எதைக் கொண்டாடுகிறது?

முதலில் உற்சாகத்தைப் பார்ப்போம். நம் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. அதை "மகிழ்ச்சி மருந்து" என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல.

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் அந்த நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தபோது அவை துள்ளின. பிறகு, சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். குரங்கு அதைப் பழகிக்கொண்டதும், விளக்கு எரியும்போதே நரம்பணுக்கள் துள்ளின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், அவற்றின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கியது. இந்த ஆய்வுகளுக்காக 2017இல் அவருக்கும் வேறு இருவருக்கும் 'மூளைப் பரிசு' வழங்கப்பட்டது.

இதன் பொருள் என்ன? கிடைத்தது எவ்வளவு என்று மட்டும் மூளை பார்ப்பதில்லை. எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்றுதான் அது கணக்குப் போடுகிறது. எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தால் அந்த நரம்பணுக்களுக்கு அது செய்தியே அல்ல.

கோல்ஃபுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 18 குழிகளையும் முடிக்க வழக்கமாக 105 அடி எடுக்கும் ஒருவர், ஒரு நாள் 92 அடியில் முடிக்கிறார். மூளை துள்ளுகிறது. அடுத்த ஆட்டத்தை நினைத்தாலே கை துறுதுறுக்கிறது. ஆனால் அதே 92, தினமும் 85 அடியில் முடிக்கும் இன்னொருவருக்குத் துக்க நாள். எண் ஒன்றே, மனம் வேறு. ஒன்றையும் கவனியுங்கள்: 92 அடித்தவரின் எதிர்பார்ப்பு அன்றே ஏறிவிட்டது. அடுத்த முறை 92 வந்தால் பழைய துள்ளல் இருக்காது. 100 வந்தால் ஏமாற்றம்தான். நல்ல ஆட்டம் உற்சாகத்தைத் தருகிறது. கூடவே அடுத்த ஏமாற்றத்துக்கு விதையையும் போட்டுவிடுகிறது.

தொண்ணூறு தப்பு, ஒரே ஒரு முத்து

"அப்படியென்றால் மோசமாக ஆடுகிறவர்கள் எல்லாம் எப்போதோ விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டுமே?" நல்ல கேள்வி. கோல்ஃபில் தொடக்க நிலையில் இருப்பவர் நூறு அடி அடித்தால், அதில் மனம் நிறையும் அடி ஐந்தோ ஆறோதான். அந்த ஐந்தாறுக்காகத்தான் அவர் மறுபடியும் வருகிறார்.

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதை ஆராய்ந்தார். பொத்தானைக் கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் கிடைத்தால், தானியம் நின்றதும் புறா சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எத்தனையாவது கொத்தலில் கிடைக்கும் என்று தெரியாதபடி அவ்வப்போது கிடைத்தால், அது சலிக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் விடாது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு இழுப்பு அதிகம். சூதாட்ட இயந்திரம் மனிதரைப் பிடித்து வைப்பதும் இதே வழியில்தான். உங்கள் கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகும் காணொளிகளும் இதே குடும்பம்.

இன்னொன்றும் உண்டு. அனுபவத்தை நாம் முழுதாக நினைவில் வைப்பதில்லை. டேனியல் கானமனும் அவர் நண்பர்களும் 1993இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பாருங்கள். ஆட்கள் ஒரு கையை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி வைத்தார்கள். இன்னொரு முறை, அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி வைத்தார்கள். அந்தக் கடைசி 30 விநாடியில் நீரின் குளிர் சற்றே குறைக்கப்பட்டது. "எதை மீண்டும் செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். வேதனை அதில்தான் அதிக நேரம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே! உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்குகின்றன. 17 குழிகளில் தடுமாறியவர், கடைசிக் குழியில் ஒரு நல்ல அடி அடித்தால் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவதற்கு இதுவே காரணம்.

குழி பெரிதாகத் தெரிந்த நாள்

நன்றாக ஆடிய நாளில் உலகமே வேறு மாதிரி தெரியும் என்பார்கள். அதையும் ஒரு குழு சோதித்தது. ஜெசிக்கா விட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், ஆட்டம் முடித்து வந்த 40க்கும் மேற்பட்ட கோல்ஃப் வீரர்களிடம் ஓர் அட்டையைக் காட்டினார்கள். அதில் வெவ்வேறு அளவில் கரும் வட்டங்கள். "குழியின் அளவுக்குச் சமமான வட்டம் எது?" என்பதுதான் கேள்வி. குழியின் குறுக்களவு எங்கும் 10.8 சென்டிமீட்டர்தான். ஆனால் அன்று நன்றாக ஆடியவர்கள் பெரிய வட்டத்தைக் காட்டினார்கள். மோசமாக ஆடியவர்கள் சிறியதைக் காட்டினார்கள். 2008இல் வெளிவந்த இந்த ஆய்வில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நெடுநாளைய திறமைக்கும் வட்டத்தின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. அன்றைய ஆட்டத்துக்குத்தான் தொடர்பு இருந்தது.

அறிவியல் மாணவராக நீங்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். நன்றாக ஆடியதால் குழி பெரிதாகத் தெரிந்ததா, பெரிதாகத் தெரிந்ததால் நன்றாக ஆடினார்களா? கண்ணே அப்படிப் பார்த்ததா, ஆட்டத்துக்குப் பிறகு நினைவு ஊதிப் பெருக்கியதா? ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் வாதம் உண்டு. ஆனால் எப்படிப் பார்த்தாலும் ஒன்று நிற்கிறது: ஆட்டம் முடிந்த கையோடு நாம் தரும் தீர்ப்பு, அன்றைய எண்ணின் சாயம் பூசியது. அந்தச் சூட்டில் "எனக்கு இது வரும்" என்பதும் "எனக்கு இது வராது" என்பதும் நம்பத்தக்கவை அல்ல.

ஒரு பாகையின் விலை

சரி, அன்றைய எண் ஏன் அப்படி ஏறி இறங்குகிறது? கணிதப் பாடத்தில் படித்த முக்கோணவியலை எடுங்கள். 200 மீட்டர் தூரம் போகும் பந்து, புறப்படும்போது ஒரே ஒரு பாகை விலகினால் விழும் இடம் சுமார் 3.5 மீட்டர் தள்ளிப்போகும். அந்த 3.5 மீட்டர், புல்வெளிக்கும் மணல்குழிக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். குழியிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் நின்று பந்தை உருட்டும்போது ஒரு பாகை விலகினால் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளிப்போகும். குழியின் பாதி அகலம் 5.4 சென்டிமீட்டர். அதாவது பந்து விளிம்பில் தொங்கி விழலாம், சுற்றிவிட்டு வெளியேயும் போகலாம். இதோடு காற்றையும், மாலை மழையில் நனைந்த புல்லையும், முந்தின இரவு தூங்கிய நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் எண்ணிக்கை என்பது திறமையும் தற்செயலும் கலந்த கலவை. எது எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

இதிலிருந்து வருவதுதான் புள்ளியியலில் 'சராசரியை நோக்கிய மீள்வு'. 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் உயரங்களை ஒப்பிட்டு இதை விளக்கினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள். ஆனால் பொதுவாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குட்டையான பெற்றோரின் பிள்ளைகளோ சராசரிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தார்கள். ஒரு முறை உச்சத்தைத் தொட்டது, அடுத்த முறை நடுப்பக்கம் வருவதே வழக்கம். யாரும் எதுவும் செய்யாமலேயே அது நடக்கும்.

இதற்கு ஒரு கற்பனை அட்டை போடுவோம். ஒரு மாணவி ஐந்து முறை ஆடுகிறாள்: 104, 101, 107, 92, 103. நான்காம் நாள் வீடே திருவிழா. ஐந்தாம் நாள் அவள் முகம் வாடிவிடுகிறது: "எல்லாம் போச்சு, 11 அடி கூட." ஆனால் முதல் மூன்று நாளின் சராசரி 104. ஐந்தாம் நாளின் 103 அதைவிட நல்ல எண். இடையில் அந்த 92 வராமல் இருந்திருந்தால், 103ஐ அவள் முன்னேற்றம் என்று கொண்டாடியிருப்பாள். அவளை வருத்தியது கெட்ட ஆட்டம் அல்ல, முந்தைய நல்ல ஆட்டம்.

ஆசிரியர்களும் பயிற்றுநர்களும் இதில் ஏமாறுவதுண்டு. கானமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களிடம் பேசியபோது அவர்கள் அடித்துச் சொன்னார்களாம்: நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை கெடுக்கிறான், கெடுத்தவனைத் திட்டினால் அடுத்த முறை நன்றாகச் செய்கிறான். கானமன் வாதாடவில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கும் இலக்கை நோக்கி ஆளுக்கு இரண்டு முறை நாணயம் வீசச் சொன்னார். முதல் முறை நெருங்கி வீசியவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை விலகினார்கள். முதல் முறை விலகியவர்கள் நெருங்கினார்கள். அங்கே பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மீள்வு மட்டும்தான். 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். உங்கள் பயிற்றுநர் திட்டியதால்தான் நீங்கள் முன்னேறினீர்கள் என்று அவர் நினைத்தால், இந்தக் கதையை மரியாதையோடு சொல்லிப் பாருங்கள்.

கோல்ஃப் தனக்கே எழுதிக்கொண்ட விதி

இப்போது என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். இவ்வளவு ஏறி இறங்கும் விளையாட்டில் ஒருவரின் தரத்தை எப்படிக் குறிப்பது? கோல்ஃப்காரர்கள் இதற்கு 'ஹேண்டிகேப்' என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொது முறைப்படி, ஒருவரின் கடைசி 20 சுற்றுகளைத் திடலின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அவற்றில் சிறந்த 8 சுற்றுகளின் சராசரியை எடுக்கிறார்கள். புதிதாக வருபவருக்குக்கூட 54 குழிகள், அதாவது மூன்று முழுச் சுற்றுகளின் அளவுக்கு, ஆடிய பிறகே எண் தருகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பொழுதுபோக்காக ஆடும் பெரியவர்களின் தரத்தைச் சொல்ல 20 ஆட்டங்களைப் பார்க்கிறோம். கெட்ட 12ஐத் தள்ளிவிட்டு நல்ல 8ஐ எடுக்கிறோம். ஆனால் ஒரு பிள்ளையைப் பள்ளிக் குழுவுக்கு எடுக்க ஒரே ஒரு மாலை நேரத் தேர்வோடு முடித்துவிடுகிறோம். கூடுதல் கணிதத்தில் முதல் சோதனையில் 34 வாங்கிய நான்காம் படிவ மாணவரிடம், "இது உனக்கு வராது, வேறு பாடம் எடு" என்கிறோம். அவரும் நம்பிவிடுகிறார். ஒரு சுற்று ஆடியதும் எண்ணைக் கொடுத்துவிட்டோம்.

இந்த இடத்தில்தான் தோட்டத்துப் பிள்ளையின் பாடு தனியாக நிற்கிறது. ஈப்போவில் கிளப் உறுப்பினரின் பிள்ளை இன்று மோசமாக ஆடினால், அது ஒரு மோசமான சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆடும். சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய தோட்டத்திலிருந்து, யாருடைய காரிலோ தொற்றிக்கொண்டு, இரவல் மட்டையோடு வரும் பிள்ளைக்கு அந்த ஒரு மாலைதான் எல்லாமே. அன்று பந்து ஒரு பாகை விலகினால், "திறமை இல்லை" என்று எழுதப்படுகிறது. இருவருக்கும் திறமை சமமாக இருக்கலாம். தற்செயலும் சமமாக இருக்கலாம். சமமாக இல்லாதது அடுத்த ஆட்டம். சராசரி என்பது பல முறை ஆடக் கிடைத்தவர்களுக்கே கிடைக்கும் சலுகையாகிவிடக் கூடாது.

அடுத்த ஆட்டம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ். எஸ். பி. சௌராசியாவைப் பாருங்கள். கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன் அவர். திடலிலேயே வளர்ந்தார், பை சுமந்தார், பார்த்துப் பார்த்தே கற்றார். இந்தியன் ஓப்பன் போட்டியில் 2013இல் இரண்டாம் இடம். 2015இல் கூடுதல் சுற்று வரை போய் மறுபடியும் இரண்டாம் இடம். அந்த மாலையில் அவரிடம் "அடுத்த ஆண்டு வருவீர்களா?" என்று கேட்டிருந்தால், எந்த மனிதருக்கும் பதில் தயங்கித்தான் வரும். 2016இல் வந்தார், வென்றார். 2017இலும் வென்றார். 2015இன் முடிவை வைத்து அவரை எடைபோட்டிருந்தால் எவ்வளவு பெரிய தவறு!

"திறமை இல்லாதவரும் காலம் முழுக்க ஆடிக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. சராசரியும் பேசும், ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இருபது முறை முயன்றும் சராசரி அசையவில்லை என்றால் முறையை மாற்றலாம், பயிற்றுநரை மாற்றலாம், விளையாட்டையே மாற்றலாம். அதில் வெட்கம் இல்லை. சராசரியைப் பார்த்து விலகுவது முடிவு. ஒரு நாளைப் பார்த்து விலகுவது விபத்து.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது உங்களுக்கு: அடுத்த பயிற்சியின் நாளை, இன்றைய எண்ணிக்கையைக் கூட்டும் முன்பே குறித்துவிடுங்கள். உற்சாகம் வந்தால் போவது, வராவிட்டால் இருப்பது என்று வைத்தால், உங்கள் நாட்காட்டியைத் தற்செயல்தான் எழுதும். இரண்டாவதும் உங்களுக்கு: ஒவ்வொரு பயிற்சியையும் உங்களுக்கு நன்றாக வரும் ஒன்றோடு முடியுங்கள். கணிதம் படித்தால், கடைசியாகத் தெரிந்த கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு நோட்டை மூடுங்கள். முடிவுதான் நினைவில் தங்கும் என்று பார்த்தோமே. அந்த ஏமாற்றை நமக்குச் சாதகமாக்குவோம். மூன்றாவது பள்ளிகளுக்கும் கிளப்புகளுக்கும்: தேர்வை ஒரே நாளில் முடிக்காதீர்கள். வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது ஆட விடுங்கள். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அந்த மூன்று நாளுக்கும் வண்டி ஏற்பாடு செய்யுங்கள். விலை உயர்ந்த மட்டையைவிட அந்த வண்டிதான் முக்கியம்.

நீங்களே சோதியுங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய தாளைக் கசக்கி ஓர் உருண்டை செய்யுங்கள். மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளியை வையுங்கள். பத்து வீச்சு ஒரு சுற்று. மொத்தம் இருபது சுற்றுகள். இரண்டு மூன்று நாளில் பிரித்துச் செய்யலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு, "இப்போது ஆட எவ்வளவு ஆசை?" என்று 1 முதல் 5 வரை ஓர் எண் எழுதுங்கள். பிறகு வீசி, எத்தனை விழுந்தன என்று எழுதுங்கள்.

முடிந்ததும், மிகச் சிறந்த ஐந்து சுற்றுகளையும் மிக மோசமான ஐந்து சுற்றுகளையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த சுற்றில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆசை எண், முந்தைய சுற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறதா? வீச்சு எண்ணோ அதைக் கண்டுகொள்ளாமல் நடுப்பக்கம் திரும்புகிறதா? இரண்டையும் ஒரே வரைபடத்தில் இரு வண்ணங்களில் வரைந்து வகுப்பில் ஒட்டுங்கள். உங்கள் நண்பர்களின் வரைபடங்களும் பக்கத்தில் வரட்டும். ஒருவரின் வரைபடம் வேறு மாதிரி வந்தால், ஒதுக்கிவிடாதீர்கள். அவரை இன்னும் இருபது சுற்று ஆடச் சொல்லுங்கள்.